பாலும் பஞ்சும்: நடுநிலைக்குப் பின் மிஞ்சும் உப்பு

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே சுமார் 12 கிலோமீட்டர். முன்னது பால்கோவாவால் பெயர் பெற்ற ஊர். அந்தப் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பின்னது பஞ்சாலை ஊர். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் அங்கே ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். ஊரையடுத்த சத்திரப்பட்டி வட்டாரத்து விசைத்தறிகளில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி நாடெங்கும் உள்ள மருத்துவமனைகளுக்குப் போகிறது. பால்கோவா வாங்கியவருக்கு ஊர்ப் பெயர் தெரியும். காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டவருக்கு அந்தத் துணி எந்த ஊரில் நெய்யப்பட்டது என்று தெரியாது.

இந்த இரண்டு பண்டங்களையும் இணைப்பது ஒரு வேதிவினை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள்: அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும். இதன் பெயர் நடுநிலையாக்கல். பேண்டேஜ் துணிக்கு இந்த வினை நடந்தே தீர வேண்டும். பால்கோவாவுக்கு ஊற்றும் பாலில் இது நடக்கவே கூடாது. ஒரே வினை ஓரிடத்தில் கடமையாகவும் இன்னோரிடத்தில் மோசடியாகவும் இருப்பது ஏன் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. விடை, நாம் ஒப்பிக்கும் அந்த வாய்பாட்டிலேயே இருக்கிறது. ‘உப்பு’ என்ற சொல்லை வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம்.

முதலில் சொற்களைச் சற்றுத் தெளிவாக்கிக்கொள்வோம். பேச்சில் காரம் என்றால் மிளகாய்தான் நினைவுக்கு வரும். வேதியியலின் காரம் வேறு. சாம்பலிலும் உவர்மண்ணிலும் இருக்கும் பொருள் அது. தென்மாவட்டங்களில் சோப்பைச் சவுக்காரம் என்று சொல்லும் பெரியவர்கள் இன்றும் உண்டு. அது சவர்க்காரம் என்பதன் திரிபு. சவர் என்றாலும் உவர் என்றாலும் ஒன்றுதான். ஆனால் பெயரில் காரம் இருப்பதெல்லாம் காரம் ஆகிவிடாது. முகச்சவரம் முடிந்ததும் கன்னத்தில் தேய்க்கும் படிகாரத்தைத் தண்ணீரில் கரைத்து நீல லிட்மஸ் தாளை நனைத்தால் தாள் சிவக்கும். பெயர் காரம், குணம் அமிலம்.

பாலில் தொடங்குவோம். பசுவிடமிருந்து அப்போதுதான் கறந்த பாலில் லாக்டிக் அமிலம் கிட்டத்தட்ட இல்லை. ஆனாலும் அதன் பிஎச் 7 அல்ல, 6.6, 6.7 என்ற அளவில் இருக்கும். பாலிலுள்ள கேசின் என்ற புரதம், பாஸ்பேட்டுகள், சிட்ரேட்டுகள், கரைந்திருக்கும் கரியமில வாயு எல்லாம் சேர்ந்து தரும் இயல்பான புளிப்பு அது. நாக்குக்குத் தெரியாது, பியூரெட் என்ற அளவுக் குழாய்க்குத் தெரியும்.

பாலின் அமில அளவை அறியச் சோதனைக்கூடத்தில் செய்யும் தரம் பார்த்தல் எளிமையானது. பிப்பெட்டில் 9 மில்லி பால். அதில் சில துளிகள் பினால்ஃப்தலீன் என்ற நிறங்காட்டி. மேலே பியூரெட்டில் பத்தில் ஒரு பங்கு நார்மல் வலிமையுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு. துளித்துளியாக விட்டுக் கலக்கிக்கொண்டே வர வேண்டும். ஒவ்வொரு துளியும் விழும் இடத்தில் இளஞ்சிவப்பு எட்டிப் பார்த்துக் கலைந்துவிடும். கலக்கியும் கலையாமல், வெள்ளைப் பாலில் மெல்லிய ரோஜா நிறம் நின்றுவிடும் துளியில் குழாயைத் திருகி மூட வேண்டும். இந்த 9 மில்லி கணக்கில் ஒரு வசதி உண்டு. செலவான காரம் 1.4 மில்லி என்றால் அமிலத்தன்மை 0.14 சதவீதம், பெருக்கவோ வகுக்கவோ வேண்டாம். நல்ல பசும்பாலில் 0.13, 0.14 வரும். எருமைப்பாலில் சற்றுக் கூடும்.

விருதுநகர் மாவட்டத்து வெயிலில் அந்த எண் ஓரிடத்தில் நிற்காது. பாலில் உள்ள நுண்ணுயிர்கள் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை வெளியேற்றுகின்றன. 0.14 மெல்ல 0.17 ஆகிறது, 0.20 ஆகிறது. அந்த நிலையில் அடுப்பேற்றினால் பால் திரிந்துவிடும். கேசின் துகள்கள் ஒன்றையொன்று தள்ளி நிற்பது அவற்றின் மேலுள்ள மின்னூட்டத்தால். அமிலம் அந்த மின்னூட்டத்தைக் குறைத்துக்கொண்டே வரும், பிஎச் 4.6 ஆகும்போது அது முற்றிலும் தீர்ந்து, சூடு இல்லாமலே பால் உறைந்துவிடும். சூடும் சேர்ந்துகொண்டால் அதற்கு வெகு முன்பே பால் முறியும். காபிக்குக் காய்ச்சும் பாலைவிடப் பால்கோவா வாணலியில் இந்த ஆபத்து அதிகம். துடுப்பால் கிளறக் கிளற நீர் ஆவியாகிறது; பால் சுண்டச் சுண்ட உள்ளே உள்ள அமிலமும் சுண்டி அடர்கிறது. காலையில் காபிக்குத் தாங்கிய பால், கோவாவாக மாறும் வழியில் திரிதிரியாகப் பிரிந்துவிடலாம்.

பால் கொள்முதல் செய்யும் இடத்தில் ஒரு சிறு குழாயில் பாலையும் சம அளவு ஆல்கஹாலையும் சேர்த்துக் குலுக்கிப் பார்ப்பது இதற்காகத்தான். குழாயின் சுவரில் தவிட்டுப் பொடி போல் துணுக்குகள் ஒட்டினால் அந்தப் பால் திரும்பிவிடும். பால் திரும்பினால் அன்றைய கூலி போயிற்று. ஏமாற்று வேலைக்குத் தூண்டுதல் பிறப்பது இந்த இடத்தில்தான். கையில் கிடைப்பது ஆப்பசோடா, அதாவது சோடியம் பைகார்பனேட்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் தூண்டுதல் எவ்வளவு மலிவானது என்று தெரியும். 100 லிட்டர் பாலில் அமிலம் 0.05 சதவீதம் ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது சுமார் 50 கிராம் லாக்டிக் அமிலம். லாக்டிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 90, சோடியம் பைகார்பனேட்டின் எடை 84. ஒன்றுக்கு ஒன்று வினைபுரிவதால், ஏறிய புளிப்பை முழுக்க மறைக்க 47 கிராம் சோடா போதும். ஒரு கைப்பிடி கூட இல்லை. கொஞ்சம் கரியமில வாயு குமிழ்த்து வெளியேறும். பிறகு ஆல்கஹால் சோதனையிலும் துணுக்கு வராது, தரம் பார்த்தாலும் 0.14 காட்டும், காய்ச்சினாலும் திரியாது.

போனது புளிப்பு மட்டும்தான். அந்தப் புளிப்பை உண்டாக்கிய நுண்ணுயிர்க் கூட்டம் அப்படியே இருக்கிறது. அது மட்டுமா? அமிலம் ஏறும்போது பல கிருமிகளின் பெருக்கம் தானாகவே மட்டுப்படும். பால் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் வேலி அது. சோடா அந்த வேலியைப் பிடுங்கிவிடுகிறது. கெட்டுப்போகத் தொடங்கிய பால் தொடர்ந்து கெட இடம் கொடுத்துவிட்டு, கெட்டதைக் காட்டும் அறிகுறியை அழித்துவிடுகிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் பாலில் நடுநிலையாக்கிகள் சேர்ப்பதைக் கலப்படமாகவே கருதுவது இதனால்தான். வீட்டில் புளித்துப்போன ஆப்ப மாவில் ஒரு சிட்டிகை சோடா போடுகிறோமே, அது தவறில்லையா என்று கேட்கலாம். தவறில்லை. போட்டவருக்கும் தெரியும், சாப்பிடுபவருக்கும் தெரியும். மாவு புளித்தது யாரிடமும் மறைக்கப்படவில்லை.

ஆனால் சோடா போட்ட பாலில் உப்பு மிஞ்சுகிறது. லாக்டிக் அமிலம் இருந்த இடத்தில் இப்போது சோடியம் லாக்டேட் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்கும் ஒரு சோதனையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புதான். 20 மில்லி பாலை ஆவியாக்கி, கருக்கி, வெள்ளைச் சாம்பலாகும் வரை எரிக்கிறார்கள். கொழுப்பு, புரதம், சர்க்கரை, லாக்டேட் எல்லாம் எரிந்துபோகும். சோடியம் எரியாது, கார்பனேட்டாகச் சாம்பலில் தங்கிவிடும். அந்தச் சாம்பலை நீரில் கரைத்துப் பத்தில் ஒரு பங்கு நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம் பார்த்தால், நல்ல பாலின் சாம்பலுக்கு 1.2 மில்லிக்கு மேல் தேவைப்படாது. நம் கணக்கில் வந்த 47 கிராம் சோடா, 20 மில்லி பாலின் சாம்பலில் தன் பங்காக மட்டும் இன்னும் சுமார் 1.1 மில்லி அமிலத்தைக் கேட்கும். நாக்கையும் கண்ணையும் ஏமாற்றிய சோடா நெருப்பில் அகப்பட்டுக்கொள்கிறது. இவ்வளவு தூரம் போகாமல், பாலுடன் சம அளவு ஆல்கஹால் சேர்த்து ரோசாலிக் அமிலக் கரைசலைச் சில துளி விட்டும் பார்க்கலாம். சோடா கலந்த பால் ரோஜாச் சிவப்பாகும். கலக்காத பால் பழுப்பாக நிற்கும்.

பால்கோவாவில் இதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. பாலின் சர்க்கரையும் புரதமும் சூட்டில் சேர்ந்து பழுப்பேறும் வினைக்கு மெய்யார்டு வினை என்று பெயர். கோவாவின் இளம் பழுப்பும் மணமும் அதனால் வருபவை. காரத்தன்மை கூடினால் அந்த வினை வேகமெடுக்கும். சோடா ஏறிய பால் வேண்டாத கருமையும் ஒரு சவர்ச் சுவையும் தரும். நல்ல பால்கோவா போடுகிறவர்கள் இந்தப் பிரச்சினையை வேதியியலால் தீர்ப்பதில்லை. கறந்த பாலைத் தாமதிக்காமல் அடுப்பேற்றித் தீர்க்கிறார்கள். சுற்றுக் கிராமங்களின் மாடுகளும் ஊருக்குள் எரியும் அடுப்புகளும் அருகருகே இருப்பதுதான் அந்தப் பண்டத்தின் பலம்.

இனி துணி. தறியிலிருந்து இறங்கும் காடா துணியைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். பருத்தி இழையின் மேல் இயற்கையாகவே மெழுகு பூசியிருக்கிறது. போதாததற்குப் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சியும் சேர்ந்திருக்கிறது. ரத்தத்தை உறிஞ்ச வேண்டிய துணி தண்ணீரையே ஏற்கவில்லை என்றால் அதனால் பயனில்லை. எனவே காஸ்டிக் சோடாக் கரைசலில் அதை மணிக்கணக்கில் வேகவைக்கிறார்கள். காரம் மெழுகையும் கொழுப்பையும் கரையக்கூடியதாக்கி வெளியேற்றுகிறது. பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடிலோ ஹைப்போகுளோரைட்டிலோ வெளுக்கிறார்கள்.

நம் ஊர்களில் இந்த வேலையைக் காலங்காலமாகச் செய்துவந்தவர்கள் சலவைத் தொழிலாளர்கள். உவர்மண் கரைசலில் துணியை ஊறவைத்து, அடுக்கி, கீழே நெருப்பிட்டு ஆவி ஏற்றுவார்கள். அதுதான் வெள்ளாவி. உவர்மண்ணிலிருக்கும் சோடியம் கார்பனேட்டும் சூடான ஆவியும் அழுக்கையும் எண்ணெய்ப் பசையையும் பிரித்தெடுக்கும். ஆலைகளின் அழுத்தக் கொப்பரை அதே கோட்பாட்டில் இயங்குகிறது. இந்த அறிவு யாருடையது என்பதை நம் பாடநூல்கள் எழுதிவைக்க வேண்டும்.

வெந்த துணியைக் கையில் எடுத்தால் வழவழவென்றிருக்கும். காரத்தின் குணம் அது. எத்தனை தண்ணீரில் அலசினாலும் கொஞ்சம் காரம் இழைக்குள்ளேயே தங்கிவிடும். செல்லுலோஸ் அதை எளிதில் விடாது. அதை வெளியேற்ற நீர்த்த அமிலத்தில் துணியை முக்க வேண்டும்.

இங்கே ஐரோப்பாவின் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது பாலையும் துணியையும் ஒரே தொட்டியில் சேர்க்கிறது. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அங்கே லினன் துணியைச் சாம்பல் காரத்தில் வேகவைத்து, புல்வெளியில் விரித்து, பின்பு புளித்த மோரில் ஊறப்போட்டார்கள். மோரிலுள்ள லாக்டிக் அமிலம் துணியில் தங்கிய காரத்தை நடுநிலையாக்கியது. ஊறல் மட்டும் வாரக்கணக்கில் பிடிக்கும். எடின்பரோவைச் சேர்ந்த மருத்துவர் ஃபிரான்சிஸ் ஹோம், வெளுப்புத் தொழிலைப் பற்றி 1756இல் வெளியிட்ட நூலில் மோருக்குப் பதில் நீர்த்த கந்தக அமிலத்தைப் பரிந்துரைத்தார். வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. வெளுப்புக்காரர்கள் வாங்கும் சாம்பல் உப்பில் உண்மையில் எவ்வளவு காரம் இருக்கிறது என்று அறியவும் அவர் ஒரு வழி சொன்னார்: நுரை அடங்கும் வரை நைட்ரிக் அமிலத்தைக் கரண்டி கரண்டியாக விட்டு எண்ணுவது. அமிலத்தை அளந்து காரத்தை மதிப்பிட்ட மிகப் பழைய முயற்சிகளுள் ஒன்று அது. பின்னர் பிரான்சின் ரூவான் நகரில் டெக்ரூவாசீல் வெளுப்புக் கரைசலை அளக்க அளவுக்கோடிட்ட கண்ணாடிக் குழாயை உருவாக்கினார். இன்று பள்ளி ஆய்வகத்தில் தாங்கியில் நிற்கும் பியூரெட்டின் முன்னோடிகள் துணி வெளுக்கும் பட்டறையில் பிறந்தவை.

ஹோமின் கந்தக அமிலம் வேகமானது. ஆனால் ஓர் ஆபத்து உண்டு. துணியில் ஒரு துளி கூடுதலாகத் தங்கினாலும், உலரும்போது நீர் மட்டும் போய் அமிலம் அடர்ந்துகொண்டே வரும். கடைசியில் அது செல்லுலோஸ் சங்கிலியை அறுத்து இழையை நொறுங்கச் செய்துவிடும். அசெட்டிக் அமிலம் இந்த இடத்தில் பாதுகாப்பானது. வலிமை குறைந்தது, ஆவியாகக்கூடியது. மிஞ்சினாலும் துணியை அரிக்காது. வினிகரின் புளிப்பைத் தரும் அமிலம்தான் இது.

பள்ளியில் படித்த ஒன்றை இங்கே திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. நடுநிலையாக்கல் என்றால் பிஎச் 7இல் போய் நிற்பது என்றே பலர் நினைக்கிறோம். வலிய அமிலமும் வலிய காரமும் சேர்ந்தால் அப்படித்தான். காஸ்டிக் சோடாவும் அசெட்டிக் அமிலமும் சரிக்குச் சரியாகத் தீர்ந்த பின்னும் கரைசல் 7க்கு மேலேதான், காரப் பக்கமே நிற்கும். மிஞ்சிய சோடியம் அசெடேட் நீருடன் வினைபுரிந்து சிறிதளவு காரத்தைத் திரும்ப உண்டாக்குகிறது. உப்பு என்பது செத்துக் கிடக்கும் எச்சம் என்று எண்ணியிருந்தால், அந்த எண்ணத்தை விட்டுவிட வேண்டும்.

அப்படியானால் காயத்தின் மேல் வைக்கும் பஞ்சு எந்த அளவில் நடுநிலை? மருந்துத் தரநூல்கள் இதற்குத் தரும் விடை அழகானது. பிரிட்டிஷ், ஐரோப்பியத் தரநூல்களின்படி 15 கிராம் உறிஞ்சு பஞ்சை 150 மில்லி நீரில் 2 மணி நேரம் ஊறவைத்து நீரை வடித்துக்கொள்ள வேண்டும். ஒரு 25 மில்லியில் பினால்ஃப்தலீன், இன்னொரு 25 மில்லியில் மெத்தில் ஆரஞ்சு. இரண்டும் இளஞ்சிவப்பாகக் கூடாது. பினால்ஃப்தலீன் சுமார் 8.2க்கு மேலே சிவக்கும். மெத்தில் ஆரஞ்சு 4.4க்குக் கீழே சிவக்கத் தொடங்கும். ஆக, தரநூல் ஒரு புள்ளியைக் கேட்கவில்லை, 4.4க்கும் 8.2க்கும் இடையில் ஒரு சன்னலைத் திறந்துவைக்கிறது. மனிதத் தோலின் மேற்பரப்பு 5ஐ ஒட்டிய அமிலத்தன்மை கொண்டது. அதுவும் இந்தச் சன்னலுக்குள்தான் வருகிறது. அதே பஞ்சை நீரில் போட்டால் 10 வினாடிக்குள் மூழ்கவும் வேண்டும். காரம் தன் வேலையைச் செய்து முடித்ததற்கு அது சான்று. நிறம் மாறாத இரண்டு குவளைகளும், வேலை முடிந்த காரம் வெளியேறிவிட்டதற்குச் சான்று.

பஞ்சிலிருந்து அலசி வெளியேற்றிய உப்பு எங்கே போகிறது? 40 கிராம் காஸ்டிக் சோடாவை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் நடுநிலையாக்கினால் 58.5 கிராம் சாதாரண உப்பு கிடைக்கும். ஒரு கிலோ காரத்துக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ உப்பு. கந்தக அமிலம் என்றால் சோடியம் சல்பேட் ஒன்றே முக்கால் கிலோவைத் தாண்டும். கழிவுநீரின் பிஎச் 6.5க்கும் 8.5க்கும் இடையில் இருக்க வேண்டும் என்ற விதியை நடுநிலையாக்கல் நிறைவேற்றிவிடும். ஆனால் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற இன்னொரு விதி எதிரே நிற்கிறது. அமிலத்தைக் காரத்தாலும் காரத்தை அமிலத்தாலும் அடக்கலாம். உப்பை அடக்க இன்னொரு வேதிப்பொருள் கிடையாது. நீரை வடித்துப் பிரிப்பது ஒன்றே வழி, அதற்கு மின்சாரமும் பணமும் வேண்டும். திருப்பூர்ச் சாயக்கழிவால் நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் பட்ட பாட்டைத் தமிழ்நாடு கண்டது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அங்குள்ள சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டதன் பின்னணியில் இந்த உப்பும் இருந்தது.

ஒரே வினை ஓரிடத்தில் நன்மையாகவும் இன்னோரிடத்தில் கேடாகவும் இருப்பதற்கு இன்னோர் எடுத்துக்காட்டாகச் சுண்ணாம்பையும் தொட்டுவிட்டுச் செல்லலாம். சுட்ட சுண்ணாம்பை நீரில் தாளித்துச் சாந்தாக்கிக் கட்டிய சுவரில், காற்றின் கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் நுழைந்து சுண்ணாம்பின் காரத்தை நடுநிலையாக்கி அதை மீண்டும் கல்லாக்குகிறது, சுவர் இறுகுகிறது. இதே வினை இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட்டில் நடந்தால் கேடு. கம்பி துருப்பிடிக்காமல் காப்பது சிமெண்டின் காரத்தன்மைதான். பழைய கட்டடத்தின் உடைந்த கான்கிரீட்டில் பொறியாளர்கள் பினால்ஃப்தலீன் தெளித்துப் பார்ப்பார்கள். சிவந்த இடம் காவல் உள்ள இடம். நிறம் மாறாத இடத்தில் காவல் போய்விட்டது என்று பொருள்.

பட்டறைகளில் வேலை செய்வோருக்கு ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். காஸ்டிக் சோடா தோலிலோ கண்ணிலோ பட்டால் அதன் மேல் எலுமிச்சம்பழமோ வினிகரோ ஊற்றக் கூடாது. நடுநிலையாக்கல் வெப்பம் உமிழும் வினை. வலிய அமிலமும் வலிய காரமும் சேர்ந்து ஒரு மோல் நீர் உருவாகும்போது சுமார் 57 கிலோஜூல் வெப்பம் வெளிப்படும். வெந்த தோலில் மேலும் சூடு ஏற்றக் கூடாது. ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் விடாமல் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சூத்திரத்தில் சரியாக இருப்பது உடம்பில் சரியாக இருப்பதில்லை.

இரண்டு ஊர்களின் வேதியியல் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். செய்முறைத் தேர்வுக்காகப் பியூரெட்டை எடுத்துத் துடைக்கும் அந்த ஒரு வாரத்தில், ஒரு நாளாவது பெயர் ஒட்டிய பாட்டில்களின் அமிலத்தையும் காரத்தையும் ஒதுக்கி வையுங்கள். காலையில் கறந்த பாலை ஒரு மணிக்கு ஒரு முறை தரம் பார்த்து, எண் ஏறுவதைப் பிள்ளைகள் தாங்களே எழுதட்டும். அதே பாலில் ஒரு சிட்டிகை சோடாவைப் போட்டு, எண் எப்படிப் பொய் சொல்கிறது என்பதையும் காட்டுங்கள். மருந்துக் கடையில் வாங்கிய பஞ்சை ஊறவைத்து இரண்டு சாயத் துளிகளை விடச் சொல்லுங்கள். இதற்கு ஒரு செம்புப் பாலும் ஒரு பொட்டலம் பஞ்சும் போதும்.